நாள்காட்டியின் கதை – 12: டிசம்பர் யாருக்குச் சொந்தம்?

ஜூலியஸ் சீசர் நாள்காட்டியைத் திருத்தியபோது, 29 நாட்களே இருந்த டிசம்பருக்கு மேலும் இரண்டு நாட்களைக் கொடுத்தார் என்று சென்ற வாரம் பார்த்தோம். வானியல் கணக்கில் அதில் குறையொன்றுமில்லை. ஆனால் ரோம் நகரவாசிகளுக்கு அதனால் ஒரு புதுக் குழப்பம் வந்து சேர்ந்தது. சாட்டர்னேலியா பண்டிகையை இனி எந்தத் தேதியில் கொண்டாடுவது?

ரோமானியர்கள் நம்மைப்போல ஒன்று, இரண்டு என்று மாதத் தொடக்கத்திலிருந்து எண்ணியவர்கள் அல்லர். மாதத்தின் பிற்பாதியில், அடுத்த மாதப் பிறப்புக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் சாட்டர்னேலியா, ஜனவரி பிறப்புக்கு முந்தைய 14ஆம் நாள். நம் கணக்கில் டிசம்பர் 17. மாதம் நீண்டதும் அதே 14ஆம் நாள் டிசம்பர் 19க்கு நகர்ந்துவிட்டது. பழைய எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்வதா, பழைய நாளைப் பிடித்துக்கொள்வதா? சிலர் 17இல் தொடங்கினார்கள், சிலர் 19இல் தொடங்கினார்கள், விளைவாகப் பண்டிகை நீண்டுவிட்டது என்கிறார் ஐந்தாம் நூற்றாண்டில் இதைப் பற்றி எழுதிய மக்ரோபியஸ். அகஸ்டஸ் தலையிட்டு நீதிமன்றங்களுக்கு மூன்று நாள் விடுமுறை என்று வரையறுத்தார். கலிகுலா ஒரு நாளைக் கூட்டினார். அரசாங்கம் எதைச் சொன்னாலும் ஜனங்களின் கணக்கில் அது ஏழு நாள் பண்டிகை.

டிசம்பரின் கடைசி நாட்களுக்காக நடந்த இழுபறி அதோடு ஓயவில்லை. அடுத்த 2,000 ஆண்டுகளில் போப்பாண்டவர்கள், நார்வே மன்னர்கள், இங்கிலாந்து நாடாளுமன்றம், சோவியத் கட்சித் தலைவர்கள் என்று பலரும் அந்த நாட்களின் மீது கைவைத்துப் பார்த்தார்கள். ‘கிறிஸ்துமஸே பழைய ரோமானியப் பண்டிகைதான், திருச்சபை பெயரை மட்டும் மாற்றிவிட்டது’ என்ற பேச்சு ஆண்டுதோறும் காதில் விழுகிறது. அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்லர், பழைய தெய்வங்களின் பக்தர்களும் அல்லர். அவர்கள் யார் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் சாட்டர்ன் கோயிலுக்குள் நுழைவோம்.

கட்டவிழும் கால்கள்

ரோம் நகரச் சதுக்கத்தின் ஓரத்தில் சாட்டர்ன் கோயில் இருந்தது. அதன் எட்டுத் தூண்களை இன்றும் பார்க்கலாம். உள்ளே இருந்த தெய்வத்தின் கால்களை ஆண்டு முழுவதும் கம்பளிக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். பண்டிகை நாளில் அவிழ்த்துவிடுவார்கள். சாட்டர்ன் விதைப்பின் தெய்வம். இத்தாலியில் கோதுமையும் பார்லியும் இலையுதிர்காலத்தில் விதைக்கப்படுபவை. டிசம்பர் நடுவில் விதைப்பு முடிந்திருக்கும், களஞ்சியத்தில் தானியம் இருக்கும், புதுத் திராட்சை மது தயாராகியிருக்கும், வயலில் செய்வதற்குப் பெரிதாக வேலை இருக்காது. பழைய ரோமானியரான கேட்டோ பண்ணை நிர்வாகம் பற்றி எழுதிய கைப்புத்தகத்தில், அடிமைகளுக்கு மாதாமாதம் எவ்வளவு மது அளக்க வேண்டும் என்று கறாராகக் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட கஞ்சரே சாட்டர்னேலியாவுக்குக் கூடுதல் மது ஒதுக்குகிறார்.

கி.மு. 217இல், ஹானிபாலின் படை இத்தாலிக்குள் நுழைந்து ரோம் நடுங்கிக்கொண்டிருந்த ஆண்டில், சாட்டர்னேலியாவுக்குப் பொது விருந்து ஏற்பாடானது. அதற்குப் பிறகு நகரப் பண்டிகையாக அது செழித்தது. நீதிமன்றங்களும் பள்ளிகளும் மூடியிருக்கும். டோகா என்ற கனத்த மேலாடையைக் கழற்றிவிட்டு வண்ண உடை உடுத்துவார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் கூம்புத் தொப்பியை எல்லோரும் அணிவார்கள். சட்டம் தடுத்திருந்த பகடையை இந்த நாட்களில் வெளிப்படையாக உருட்டலாம். மெழுகுவர்த்திகளையும் சின்னச் சின்ன மண் பொம்மைகளையும் ஒருவருக்கொருவர் பரிசளிப்பார்கள்.

கவிஞர் மார்ஷியல் இந்தப் பரிசுகளுக்கென்றே இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி, பொருளோடு ஒட்டிக் கொடுக்கும் சீட்டுபோல. பல் குத்தும் குச்சி முதல் பேசும் கிளி வரை அதில் இருக்கின்றன. வழக்கறிஞர் ஒருவர் தனக்கு வந்த சாட்டர்னேலியா பரிசுகளைப் பார்த்துப் பூரித்துப்போவதை வேறொரு கவிதையில் கேலி செய்கிறார். அந்தப் பரிசுப் பட்டியலில் சாம்பிராணியும் மிளகும் உண்டு. அந்நாளைய ரோமின் மிளகு சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து கப்பலேறிப் போனது. ரோமானிய வழக்கறிஞரின் பண்டிகைப் பொட்டலத்தில் நம் கரையின் காரமும் இருந்தது.

பேரரசின் மறுகோடியில், பிரிட்டனின் வடக்கு எல்லைக் கோட்டையான விண்டோலாண்டாவில், மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் ஈரமண்ணுக்குள் 1,900 ஆண்டுகள் அழியாமல் கிடந்தன. அவற்றில் ஒன்று சேவெரஸ் என்பவர் கேண்டிடஸ் என்பவருக்கு எழுதியது. கேண்டிடஸ், கோட்டைத் தலைவர் ஜெனியாலிஸின் அடிமை. விஷயம் இவ்வளவுதான்: சாட்டர்னேலியாவுக்கான சாமானை நாலு அல்லது ஆறு காசு விலையில் பார்த்து வாங்கிவிடு, அரை தினாரியசுக்குக் குறையாமல் முள்ளங்கியும் வாங்கு. மார்ஷியல் சொல்லும் கிளி இங்கே இல்லை. குளிரும் மழையும் அடிக்கும் எல்லைக் கோட்டையில், கையிலிருக்கும் காசுக்கு ஏற்ற பண்டிகை. முள்ளங்கிக்கு எவ்வளவு செலவழிப்பது என்று ஓர் அடிமையிடம் யோசனை நடக்கிறது என்றால், அந்தப் பண்டிகை சமூகத்தின் அடிமட்டம் வரை ஊறியிருந்தது என்று பொருள்.

அடிமைகளுக்கு எஜமானர்களே பரிமாறுவார்கள் என்பதுதான் சாட்டர்னேலியாவைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. சாட்டர்ன் ஆண்ட பொற்காலத்தில் ஆண்டான் அடிமை இல்லை என்ற நம்பிக்கையின் நினைவாக இந்த ஏற்பாடு. ஆனால் அதற்கு எல்லையும் உண்டு. கவிஞர் ஹோரஸ் ஒரு கவிதையில் தன் அடிமை டேவஸுக்கு டிசம்பர் சுதந்திரம் கொடுத்து, மனதில் பட்டதைப் பேசு என்கிறார். டேவஸ் பேசுகிறான். எஜமானனின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நம் இருவரில் யார் அடிமை என்று கேட்கும் அளவுக்குப் போகிறான். ஹோரஸ் பொறுமையிழந்து, வாயை மூடாவிட்டால் பண்ணை வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுவதோடு கவிதை முடிகிறது. பண்டிகையைக் கொடுத்தவன் கையில்தான் அதைத் திரும்பப் பிடுங்கும் அதிகாரமும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒரே ஏட்டில் இரண்டு பிறந்தநாள்

சாட்டர்னேலியா டிசம்பர் 23இல் முடிந்துவிடும். அப்படியானால் 25 எங்கிருந்து வந்தது?

கி.பி. 354இல் ரோமில் வாலண்டினஸ் என்ற செல்வந்தக் கிறிஸ்தவருக்காக ஃபிலோகலஸ் என்ற எழுத்தணிக் கலைஞர் ஓர் அழகிய நாள்காட்டி ஏட்டைத் தயாரித்தார். மூல ஏடு காணாமல் போய், படிகளின் படிகள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. அதன் ஒரு பகுதி ரோம் நகரின் பொதுப் பண்டிகைகளைப் பட்டியலிடுகிறது. டிசம்பர் 25க்கு நேராக ‘வெல்லப்படாதவரின் பிறந்தநாள்’ என்றும், அன்று 30 தேரோட்டப் போட்டிகள் என்றும் குறித்திருக்கிறது. வெல்லப்படாதவர் என்பது சூரிய தேவன். அதே ஏட்டின் இன்னொரு பகுதி திருச்சபையின் நினைவு நாட்களின் பட்டியல். கி.பி. 336 வாக்கில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் அந்தப் பட்டியலில், அதே டிசம்பர் 25க்கு நேராக, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாள் என்றிருக்கிறது.

டிசம்பர் 25இல் சூரியனின் பிறந்தநாள் என்பதற்கும் கிறிஸ்துவின் பிறந்தநாள் என்பதற்கும் உறுதியான பழைய சான்று இந்த ஒரே ஏடுதான். கி.பி. 274இல் பேரரசர் ஆரேலியன் சூரிய தேவனுக்கு ரோமில் பெரிய கோயில் கட்டினார், அது உண்மை. அதை டிசம்பர் 25இல் தொடங்கினார் என்று சொல்லும் சமகால ஆவணம் ஒன்றும் இல்லை. எனவே யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வழக்கில் இரு தரப்பும் ஒரே ஆவணத்தைத்தான் நீட்ட வேண்டியிருக்கிறது.

திருச்சபைக்குள்ளேயே வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று மேற்கில் ஒரு சாரார் கணித்தார்கள். அவர் கருவில் உருவானதும் அதே தேதியில்தான் என்று அத்துடன் சேர்த்தார்கள். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கணித்தவர்களுக்குப் பிறப்பு ஜனவரி 6இல் வந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. சூரியனிடம் கடன் வாங்கிய தேதியா, விரல்விட்டு எண்ணி வந்த தேதியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரோமானிய வழக்கில் டிசம்பர் 25தான் பகல் திரும்ப நீளத் தொடங்கும் நாள் என்பதால், இரண்டு வாதங்களும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

சாதாரண பக்தர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் வருத்தத்தோடு குறைபட்டுக்கொள்கிறார். புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள், உள்ளே நுழையும் முன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம்.

கோயிலை இடிக்காதே

கி.பி. 601இல் போப் முதலாம் கிரிகோரி, இங்கிலாந்துக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்த மெலிட்டஸ் என்ற பாதிரியாருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஆங்கிலேயர்களின் கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் அமையுங்கள் என்று அதில் சொல்லியிருந்தார். அவர்கள் தெய்வங்களுக்கு மாடு வெட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை ஒரேயடியாகப் பிடுங்கினால் நடக்காது. திருவிழா நாளில் ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு, மாட்டை வெட்டித் தாங்களே சமைத்து உண்டு கடவுளுக்கு நன்றி சொல்லட்டும். உச்சிக்கு ஏற நினைப்பவன் படிப்படியாகத்தான் ஏறுவான், தாவ மாட்டான் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் கடிதத்தைத் தன் நூலில் பத்திரப்படுத்தியவர் பீட் என்ற ஆங்கிலத் துறவி. கி.பி. 725இல் அவர் எழுதிய காலக்கணிதப் புத்தகம், ஆங்கிலேயர்களின் பழைய மாதங்களைச் சொல்கிறது. நவம்பர் அவர்களுக்குக் குருதி மாதம். குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டுக் காப்பாற்ற முடியாத மாடுகளை அந்த மாதத்தில்தான் வெட்டித் தெய்வங்களுக்குப் படைத்தார்கள். டிசம்பரும் ஜனவரியும் சேர்ந்து யூல். டிசம்பர் 25க்கு முந்திய இரவு, அன்னையர் இரவு. வடக்கு ஐரோப்பாவின் குளிர்கால விருந்துக்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரம் இந்த வரிசையில் தெரிகிறது. இறைச்சி கெடாத குளிர், பீர் காய்ச்சுவதற்கு அறுத்துச் சேர்த்த பார்லி, உழ முடியாதபடி உறைந்த நிலம், முடியாத இரவு. இவை நான்கும் கூடும் நாட்களில் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும் விருந்து நடந்தே தீரும்.

கிரிகோரி எழுப்பிய கேள்வி ஆயிரம் ஆண்டுகள் கழித்து மதுரைக்கும் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி, மதம் மாறுகிறவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். அவை சமூக அடையாளங்களே தவிர வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோம் வரை போனது. 1623இல் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தவர் போப் பதினைந்தாம் கிரிகோரி.

மன்னர் வாயைத் திறந்தார்

நார்வேயில் கதை இன்னும் சுவாரசியம். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹாகோன், இங்கிலாந்தில் வளர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர். நாடோ தோர், ஓடின், ஃப்ரேய் என்று பழைய தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஹாகோன் அவசரப்படவில்லை. நடுக்குளிர்காலத்தில் நடந்துவந்த யூல் விருந்தை, கிறிஸ்தவர்களின் கிறிஸ்துமஸ் தொடங்கும் அதே நாளுக்கு மாற்றிச் சட்டம் போட்டார். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு பீர் வைத்திருக்க வேண்டும், பீர் தீரும்வரை பண்டிகை நாள். இதை எழுதியவர் ஐஸ்லாந்துக்காரரான ஸ்நோரி, மன்னருக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகள் பிந்தியவர். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அவர் விவரிக்கும் ஒரு காட்சியை விட்டுவிட மனம் வரவில்லை.

பலி விருந்தில் மன்னர் குதிரை இறைச்சி சாப்பிட வேண்டும் என்று விவசாயிகள் பிடிவாதம் பிடித்தார்கள். கிறிஸ்தவரான ஹாகோன் மறுத்தார். சரி, குழம்பையாவது குடியுங்கள் என்றார்கள். அதற்கும் மறுப்பு. கொழுப்பையாவது தொட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது. கைகலப்பு வரும்போல இருந்தது. சிகுர்ட் என்ற பிரபு நடுவில் புகுந்து, குதிரை இறைச்சி வெந்த அண்டாவின் கைப்பிடிக்கு மேலே மன்னர் வாயைத் திறந்தால் போதும் என்று சமரசம் பேசினார். ஆவி படிந்து கைப்பிடியில் பிசுக்கு ஏறியிருந்தது. ஹாகோன் அதைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவிட்டு, மேலே குனிந்து வாயைத் திறந்து மூடிவிட்டுத் தன் ஆசனத்துக்குத் திரும்பினார். இரு தரப்புக்கும் திருப்தியில்லை என்கிறார் ஸ்நோரி. அடுத்து வந்த யூல் விருந்தில் மன்னர் சில துண்டுகள் குதிரை ஈரலைத் தின்றே ஆக வேண்டியதாயிற்று.

நாடு முழுவதும் கிறிஸ்தவமான பிறகும் பீர் மட்டும் அசையவில்லை. மேற்கு நார்வேயில் வழங்கிய குலாதிங் சட்டம், கிறிஸ்துமஸுக்கு விவசாயிகள் கட்டாயம் பீர் காய்ச்ச வேண்டும் என்கிறது. அதை இரவில் ஆசீர்வதித்து, கிறிஸ்துவின் பெயராலும் புனித மரியாளின் பெயராலும், நல்ல விளைச்சலும் சமாதானமும் வேண்டிக் குடிக்க வேண்டும். காய்ச்சாதவனுக்கு அபராதம். நல்ல விளைச்சலும் சமாதானமும் என்பது பழைய பலி விருந்தில் ஃப்ரேயை நினைத்துக் கோப்பையை உயர்த்தியபோது சொன்ன அதே வேண்டுதல். தெய்வத்தின் இடத்தில் மட்டும் புதுப்பெயர் ஏறியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குத் தடை

இப்போது, ‘கிறிஸ்துமஸ் ஒரு பேகன் பண்டிகை’, அதாவது பழைய தெய்வங்களை வணங்கியவர்களின் பண்டிகை, என்ற குற்றச்சாட்டை உரக்கச் சொன்னவர்களிடம் வருவோம். அவர்கள் 17ஆம் நூற்றாண்டின் பியூரிட்டன்கள், அதாவது பைபிளில் இல்லாத எதையும் ஏற்காத தீவிர புராட்டஸ்டண்டுகள். டிசம்பர் 25 என்று பைபிளில் இல்லை. ஆகவே அது கத்தோலிக்கர்கள் கள்ளத்தனமாக உள்ளே கொண்டுவந்த பழைய ரோமானியக் கூத்து. பாஸ்டன் நகரப் போதகர் இன்க்ரீஸ் மேத்தர் 1687இல் இதை அப்படியே எழுதினார்: ரோமில் அந்த நேரத்தில் சாட்டர்னேலியா நடந்ததால்தான் அந்தத் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டது, கிறிஸ்து அன்று பிறந்தார் என்பதால் அல்ல.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரில் மன்னரை மடக்கிய நாடாளுமன்றம், 1647 ஜூன் மாதம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. பண்டிகைகள் போனதற்கு ஈடாக, வேலையாட்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓய்வு நாள் என்றார்கள். பண்டிகையில் மக்கள் எதை இழந்ததாக நினைப்பார்கள் என்பது சட்டம் போட்டவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் பலிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 25 ஒரு சனிக்கிழமை. கேண்டர்பரி நகர மேயர், இன்று சந்தை வழக்கம்போல நடக்கும், கடைகளைத் திறந்தாக வேண்டும் என்று அறிவித்தார். சில கடைக்காரர்கள் மட்டும் திறந்தார்கள். கூட்டம் அந்தக் கடைகளின் சரக்கை எடுத்துத் தெருவில் வீசியது. தட்டிக்கேட்க வந்த மேயரைக் கீழே தள்ளினார்கள். தெருக்களில் பந்து உதைத்தார்கள். தடைசெய்யப்பட்ட ஹோலி என்ற செடியின் இலைக் கொத்துகளை வாசலில் கட்டினார்கள். நகரம் சில நாட்கள் கலகக்காரர்கள் கையில் இருந்தது. கைதானவர்களை மறு ஆண்டு விசாரித்த நடுவர் குழு குற்றஞ்சாட்ட மறுத்தது. அதன் தொடர்ச்சியாக, கேண்டர்பரியைச் சுற்றியுள்ள கென்ட் வட்டாரமே 1648இல் கிளர்ந்தெழுந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியபோது கிறிஸ்துமஸும் கூடவே வந்தது.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டு 1681இல் விலக்கிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபை இந்த விஷயத்தில் எல்லோரையும்விட உறுதியானது. அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958இல். ஆனால் பண்டிகை இல்லாமல் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்துவிடவில்லை. குடியும் விருந்தும் நெருப்பும் ஒரு வாரம் தள்ளி, ஹாக்மனே என்ற புத்தாண்டு இரவுக்கு இடம் பெயர்ந்தன.

குளிர்காலம் இல்லாத தொழிற்சாலை

இதுவரை விடுமுறையைக் கொடுத்தது யார்? ரோமில் எஜமானன். வடக்கில் உறைந்த நிலம். 19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. தொழிற்சாலைக்கு விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை. எரிவாயு விளக்கு வந்த பிறகு நீண்ட இரவும் இல்லை. நடுக்குளிர்காலத்தில் வேலையை நிறுத்த முதலாளிக்கு ஒரு காரணமும் இல்லை.

1843 டிசம்பர் 19இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கிறிஸ்துமஸ் மாலைக்குள் 6,000 பிரதிகள் விற்றது. ஆவிகளின் கதையாக அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கதையின் தொடக்கப் பகுதியிலேயே சம்பளத்தோடு ஒரு நாள் லீவு என்ற பிரச்சினை வந்துவிடுகிறது. வருஷத்தில் ஒரு நாள் வேலை செய்யாமல் சம்பளம் கேட்கிறாயே என்று கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ் தன் குமாஸ்தாவிடம் முறைத்துக்கொள்கிறார். கிறிஸ்துமஸ் என்றதும் நம் கண்ணில் தெரியும் காட்சி பெரும்பாலும் அந்தக் கால இங்கிலாந்தில் உருவானது. அச்சடித்த வாழ்த்து அட்டை அதே 1843இல் வந்தது. ஜெர்மானிய வீடுகளின் மரம், 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பத்தார் அதைச் சூழ்ந்து நிற்கும் படம் பத்திரிகையில் வெளியானதும் இங்கிலாந்து முழுவதும் பரவியது. 1871இல் நாடாளுமன்றம் வங்கி விடுமுறைச் சட்டத்தில் டிசம்பர் 26ஐச் சேர்த்தது. ஒரு காலத்தில் பண்டிகையை ஒழித்த அதே மன்றம், இப்போது அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

சோவியத் ரஷ்யா இதே பாதையைச் சில ஆண்டுகளில் ஓடி முடித்தது. 1920களின் இறுதியில் கிறிஸ்துமஸும் அதன் மரமும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டன. 1935 டிசம்பர் 28இல் பாவெல் போஸ்திஷேவ் என்ற தலைவர் கட்சி நாளேடான பிராவ்தாவில் எழுதினார்: குழந்தைகளுக்குப் புத்தாண்டு மரம் வையுங்கள். மரம் திரும்பி வந்தது, உச்சியில் சிவப்பு நட்சத்திரத்தோடு. உறைபனித் தாத்தா பரிசு மூட்டையோடு பின்னாலேயே வந்தார். 1947 டிசம்பரில் ஜனவரி 1 விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. இன்றும் ரஷ்யர்களின் பெரிய குடும்பப் பண்டிகை புத்தாண்டுதான்.

பழிச்சொல் பட்டயமான கதை

பியூரிட்டன்களின் குற்றச்சாட்டு மறையவில்லை. 1850களில் ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப், கத்தோலிக்கப் பண்டிகைகள் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை என்று ஒரு புத்தகம் போட்டார். ஆதாரத்தைவிட ஒலி ஒற்றுமையை நம்பிய புத்தகம் அது. இன்று உலவும் ‘ஈஸ்டர் என்பது இஷ்டார் தேவி’ என்ற பேச்சுக்கு அதில் வேர் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் ஒரு திருப்பம். இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் போன்றவர்களைச் சுற்றி உருவான நவீன பேகன் குழுக்கள், எந்தக் குற்றச்சாட்டைப் பியூரிட்டன்கள் வசையாக வீசினார்களோ அதையே பெருமையாக எடுத்துக்கொண்டன. எல்லாம் எங்களுடையது, திரும்பத் தாருங்கள் என்றன. 1950களின் பிற்பகுதியில், சூரியன் திரும்பும் இரண்டு நாட்கள், பகலிரவு சமமாகும் இரண்டு நாட்கள், அயர்லாந்தின் பழைய நான்கு பருவ விழாக்கள் ஆகியவற்றைச் சேர்த்து எட்டுப் பண்டிகைகள் கொண்ட ஆண்டுச் சக்கரம் உருவானது. தனித்தனியே எடுத்தால் அவற்றில் பல மிகப் பழையவை. எட்டையும் ஒன்றாகக் கொண்டாடிய பழைய சமூகம் எதுவும் இருந்ததில்லை என்பதை ரொனால்ட் ஹட்டன் போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான இலையுதிர்கால விழாவுக்கு ‘மாபன்’ என்று பெயர் வந்ததே 1970களில்தான்.

அதனால் அந்தப் பண்டிகைகள் போலி என்று ஆகிவிடாது. சாட்டர்னேலியாவின் மெழுகுவர்த்தியும் பொம்மையும் முள்ளங்கியும்கூடக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த ஏற்பாடுகள்தான். ஹாகோனின் பீர் பண்டிகையும் ஒரு மன்னர் உட்கார்ந்து போட்ட சட்டம்தான். எல்லாப் பண்டிகையும் ஒரு நாள் புதிதாக இருந்தது.

ஆனால் டிசம்பருக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு விடை வேறு. சாட்டர்ன், சூரியன், ஃப்ரேய், கிறிஸ்து, உறைபனித் தாத்தா என்று பெயர்கள் மாறியபோது ஜனங்கள் ஏற்றார்கள், அல்லது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஓய்வையும் சாப்பாட்டையும் பிடுங்கியபோது மட்டும் கேண்டர்பரியில் கடைகள் சிதறின. இங்கிலாந்தின் நவீன பேகன்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுடைய எட்டுப் பண்டிகைகளில் சட்டம் விடுமுறை கொடுத்தவை ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே பல குழுக்கள் பண்டிகையை அதற்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கின்றன. சூரியனையே தெய்வமாகக் கொண்டவர்களும் வேலை அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள்.

அடுத்த வாரம்: நிலவையும் சூரியனையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒரே முடிச்சில் கட்ட முயன்ற ஈஸ்டர் கணக்கு, அதற்காக நடந்த பெரும் சண்டை.